லிலி தர்வஷ்: திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

‘செரெலெம்’ என்ற ஹங்கேரியப் படத்தை யாருக்குப் போட்டுக் காட்டினாலும், முடிந்ததும் முதலில் வருவது ஒரே கேள்விதான்: “அந்தக் கட்டில்ல படுத்திருக்கிற பாட்டி யாரு?” லிலி தர்வஷ் என்று பதில் சொல்லத் தொடங்கினால் இன்னும் பத்துக் கேள்வி வரும். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதியே வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

யார் இந்த லிலி தர்வஷ்? நான் கேள்விப்பட்டதே இல்லையே!

1902-ல் புடாபெஸ்ட் நகரில் பிறந்த மேடை நடிகை. இருபது வயதுக்குள் ஜூலியட் வேடத்தில் அறிமுகமாகி ஹங்கேரிய மேடையில் நட்சத்திரமானார். அப்புறம் ஜெர்மன் கற்றுக்கொண்டு வியன்னாவிலும் பெர்லினிலும் நட்சத்திரமானார். 36 வயதில் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போய், மூன்றாவது மொழியில் எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்கினார். 1974 ஜூலையில் நியூயார்க்கில் காலமானார்.

நீங்கள் கேள்விப்படாததில் வியப்பில்லை. அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி மேடையில் கழிந்தது. மேடை நடிப்பு அன்றிரவே கரைந்துபோகிற சரக்கு. திரையில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் ஒன்று ‘செரெலெம்’ என்பதுதான் நம் அதிர்ஷ்டம்.

பெயரை எப்படிச் சொல்வது? டார்வாஸா, தர்வஷா? சில இடத்தில் ‘தர்வஷ் லிலி’ என்று தலைகீழாக வேறு போட்டிருக்கிறார்களே?

தலைகீழ் இல்லை, அதுதான் நேர். ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைத்துத்தான் எழுதுவார்கள். இனிஷியலை முன்னால் போட்டுப் பழகிய நமக்கு இது ஒன்றும் விநோதமாகத் தெரியக்கூடாது. வெளிநாட்டுக்குப் போனதும் மேற்கத்திய வழக்கப்படி லிலி தர்வஷ் ஆனார்.

ஹங்கேரிய எழுத்தில் ‘எஸ்’ தனியாக வந்தால் ‘ஷ்’ என்று ஒலிக்கும். ‘எஸ்’ஸும் ‘இஸட்’டும் சேர்ந்து வந்தால்தான் ‘ஸ்’. அதனால்தான் இவர் தர்வஷ், படம் செரெலெம். அவர்கள் ஊரை அவர்களே சொல்லும்போது ‘புதபெஷ்ட்’ என்பது போலக் காதில் விழும். நான் நம் பத்திரிகை வழக்கப்படி புடாபெஸ்ட் என்றே எழுதுகிறேன். எல்லாவற்றையும் திருத்தப் போனால் படிக்க ஆளிருக்காது.

ஹங்கேரிக்காரர் எப்படி ஜெர்மன் மேடைக்குப் போனார்? இரண்டும் பக்கத்துப் பக்கத்து மொழியா?

நாடுகள்தான் பக்கம். ஹங்கேரிய மொழிக்கு ஜெர்மனோடு ரத்த உறவே கிடையாது. அதன் சொந்தக்காரர்கள் ஃபின்லாந்து, எஸ்டோனியா பக்கம் இருக்கிறார்கள். ஆனால் 1918 வரை ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் ஒரே முடியரசின் கீழ் இருந்ததால், புடாபெஸ்டில் படித்த குடும்பங்களின் காதில் ஜெர்மன் விழுந்துகொண்டே இருக்கும். காதில் விழுவது வேறு, அதே மொழியில் மேடையேறிக் கவிதை வசனம் பேசுவது வேறு. அதற்கு உழைக்க வேண்டியிருந்தது.

இழுத்தவர் மாக்ஸ் ரைன்ஹார்ட். அந்தக் காலத்தில் ஜெர்மன் நாடக உலகின் பெரிய தலை. பெர்லினில் டாய்ச்சஸ் தியேட்டர், வியன்னாவில் யோசஃப்ஸ்டாட் அரங்கு, சால்ஸ்பர்க் திருவிழா என எல்லா இடத்திலும் அவர் கை இருந்தது. இருபதுகளின் நடுவில் தர்வஷ் அவர் குழுவில் சேர்ந்தார். ஒரு மொழியில் பெயர் வாங்கிவிட்ட நடிகை அதைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு மொழியில் மாணவியாக உட்காருவது சின்ன விஷயம் இல்லை. இவர் அதை வாழ்க்கையில் இரண்டு தடவை செய்தார். முதல் தடவை ஆசைப்பட்டு, இரண்டாவது தடவை வேறு வழியில்லாமல்.

மொல்னாரின் மனைவி என்பதால்தானே வாய்ப்பெல்லாம் வந்தது?

இந்தக் கேள்வி ஏன் நடிகைகளைப் பற்றி மட்டும் வருகிறது என்று தெரியவில்லை. சரி, கேட்டதற்குப் பதில். ஃபெரென்ட்ஸ் மொல்னார் அப்போது உலகப் புகழ் பெற்ற நாடக ஆசிரியர். ‘லிலியோம்’ அவருடையது, பிற்பாடு அமெரிக்காவில் ‘கரோசெல்’ என்ற இசை நாடகமானதும் அதுதான். தர்வஷை அவர் மணந்தது 1926-ல். மாப்பிள்ளைக்கு 48 வயது, மூன்றாவது கல்யாணம். பெண்ணுக்கு 24.

ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஜூலியட் வேடம் அதற்கு முன்பே முடிந்தது. ரைன்ஹார்ட் குழுவில் சேர்ந்ததும் கல்யாணத்துக்கு முன்புதான். மொல்னார் ‘ஒலிம்பியா’ போன்ற நாடகங்களை இவரை மனதில் வைத்து எழுதினார் என்பது உண்மை. கையில் நல்ல நடிகை இருக்கும்போது எந்த நாடக ஆசிரியர்தான் சும்மா இருப்பார்?

மொல்னார் மனைவியின் அறையில் காதல் வசனம் கேட்டு, அதையே நாடகமாக எழுதினார் என்கிறார்களே, நிஜமா?

நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை இது. பக்கத்து அறையிலிருந்து லிலியின் குரல், கூடவே ஓர் ஆணின் குரல், இரண்டும் உருகி உருகிக் காதல் பேசுகின்றன. மொல்னாருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. விசாரித்தால், அது ஜெர்மன் நாடகம் ஒன்றின் ஒத்திகை. இதிலிருந்து பிறந்ததுதான் 1926-ல் வந்த ‘கோட்டையில் ஒரு நாடகம்’ என்பார்கள்.

அந்த நாடகத்தின் கதை இதற்கு அப்படியே பொருந்துகிறது: காதலி இன்னொருவனோடு கொஞ்சுவது இளம் இசையமைப்பாளனின் காதில் விழுந்துவிட, அது வெறும் ஒத்திகைதான் என்று அவனை நம்பவைக்க ஒரு நாடக ஆசிரியர் ராவோடு ராவாக அந்த வசனங்களை வைத்தே ஒரு நாடகம் எழுதுகிறார். நிஜத்தில் ஒத்திகையாக இருந்தது, நாடகத்தில் நிஜமான கொஞ்சலாகிவிட்டது. கதை எத்தனை சதவீதம் நிஜம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மொல்னார் தன்னைப் பற்றிய கதைகளை மெருகேற்றுவதில் கெட்டிக்காரர்.

1927-லேயே நியூயார்க் போயிருக்கிறாரே, அப்போதே அங்கே தங்கியிருக்கலாமே?

போனார். ரைன்ஹார்ட் தன் குழுவைக் கப்பலேற்றிக்கொண்டு போய் அங்கே ஷேக்ஸ்பியரையும் மற்றவற்றையும் ஜெர்மன் மொழியிலேயே போட்டார். அமெரிக்கர்கள் மொழி புரியாமலே பார்த்து வியந்தார்கள். ஆனால் அது விருந்தாளியாகப் போனது. புடாபெஸ்ட், வியன்னா, பெர்லின் என்று மூன்று நகரங்கள் காத்திருக்கும் 25 வயது நட்சத்திரம் எதற்காக அங்கே தங்க வேண்டும்?

பதினோரு வருடத்தில் எல்லாம் தலைகீழானது. 1933-ல் ஹிட்லர் வந்ததும் பெர்லின் போயிற்று. தர்வஷ், மொல்னார், ரைன்ஹார்ட் மூவருமே யூதர்கள். வியன்னா மிச்சமிருந்தது. 1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியதும் அதுவும் போயிற்று. ஹங்கேரியும் அதே ஆண்டு யூதர்களுக்கு எதிரான சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டே தர்வஷ் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். மொல்னார் சுவிட்சர்லாந்து வழியாக 1940 ஜனவரியில் வந்தார்.

கணவன் மனைவி நியூயார்க்கில் ஒன்றாக இருந்தார்களா?

இல்லை. மொல்னார் பிளாசா ஹோட்டலில் அறையெடுத்துத் தங்கினார், தர்வஷ் தனியாக இருந்தார். விவாகரத்தும் செய்துகொள்ளவில்லை. நட்பு கடைசிவரை, அதாவது 1952-ல் மொல்னார் இறக்கும்வரை இருந்தது. இதற்கு மேல் கிளறுவதில் எனக்கு ஆர்வமில்லை.

ஹாலிவுட்டில் அவ்வளவு ஹங்கேரியர்கள் இருந்தார்களே, இவரும் அங்கே போயிருக்கலாமே?

இருந்தார்கள்தான். ‘காசாபிளாங்கா’வை இயக்கிய மைக்கேல் கர்டிஸ் ஹங்கேரியர். டிராகுலா பேலா லுகோஷி, பீட்டர் லோரி, 1943-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் வாங்கிய பால் லூகாஸ் எல்லோருமே அப்படித்தான். ஆனால் பட்டியலைக் கூர்ந்து பாருங்கள். ஆண்களின் வெளிநாட்டு உச்சரிப்புக்கு வில்லன், விஞ்ஞானி, உளவாளி, பிரபு என்று வேடங்கள் இருந்தன. பெண்களுக்கு? இருபது வயதில் அழகிய மர்ம இளவரசி. அதைத் தாண்டினால் ஒரே தாவலாகப் பாட்டி. நடுவில் ஒன்றுமில்லை. தர்வஷ் போய் இறங்கியது சரியாக அந்த நடுவில்.

தவிர, அவர் சினிமாப் பெண்மணியே அல்ல. அதுவரை அவருக்குச் சொல்லும்படி இருந்த படம் 1935-ல் வியன்னாவில் எடுத்தது: பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானையும் மாரி பஷ்கிர்ட்செஃப் என்ற இளம் ஓவியரையும் பற்றிய கற்பனைக் காதல் கதை. பின்னாளில் ஹாலிவுட் சில தடவை கூப்பிட்டது. 1956-ல் ‘மீட் மீ இன் லாஸ் வேகஸ்’, 1960-ல் ‘சிமரான்’. இரண்டிலும் துணை வேடம். கண் இமைத்தால் தவறவிடுவீர்கள் என்ற அளவுக்கு இல்லை, ஆனால் அவருக்காக அந்தப் படங்களைத் தேடிப் பார்க்கச் சொல்லவும் மாட்டேன்.

உச்சரிப்பு ஒரு பெரிய விஷயமா? பழகினால் போய்விடாதா?

மளிகைக் கடையில் பேசும் அளவுக்குப் பழகலாம். மேடையில் கடைசி வரிசைக்காரன் காதில் விழ வேண்டும். அங்கே ஒவ்வொரு அசையும் அம்மணமாக நிற்கும். ஹங்கேரிய மொழியில் எந்தச் சொல்லானாலும் அழுத்தம் முதல் அசையில்தான். ஆங்கிலத்தில் அது சொல்லுக்குச் சொல் இடம் மாறும். ‘திங்க்’ என்று சொல்லும்போது நாக்கு பல்லிடையே போகும் ஒலி அவர்களிடம் இல்லை. உதட்டைக் குவிக்கும் ‘டபிள்யூ’வும் இல்லை, ‘வி’ ஆகிவிடும். இன்னொரு வேடிக்கை: அவன், அவள் இரண்டுக்கும் ஹங்கேரியத்தில் ஒரே சொல்தான். அதனால் நன்றாக ஆங்கிலம் பேசும் ஹங்கேரியர்கள்கூட அவசரத்தில் கணவனை ‘ஷி’ என்றுவிடுவார்கள்.

தர்வஷின் ஆங்கிலத்தில் கடைசிவரை ஊர் வாசனை இருந்தது. அவர் அதை மறைக்கப் பாடுபடாமல் வேடத்துக்குள் சேர்த்துக்கொண்டார். வேடங்கள் அதற்கேற்பச் சுருங்கின என்பதும் உண்மை.

அப்படியானால் ஷேக்ஸ்பியரில் எப்படி நடித்தார்? ஹாம்லெட்டின் அம்மாவாக வந்தார் என்று படித்தேனே.

1945 டிசம்பரில் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் மாரிஸ் எவன்ஸ் போட்ட ‘ஹாம்லெட்’. எவன்ஸ் போரின்போது பசிபிக் பக்கம் சிப்பாய்களுக்காகத் தயாரித்த வடிவம் அது. வெட்டியான் காட்சியைக்கூட வெட்டி எறிந்துவிட்டு வேகமாக ஓடும்படி செய்திருந்தார்கள். நூறு காட்சிகளைத் தாண்டி ஓடியது. அதில் தர்வஷ் ராணி கெர்ட்ரூட்.

எனக்கு அந்தத் தேர்வு புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது. அரண்மனையில் எல்லோரும் ஒரு மாதிரி பேச, ராணி மட்டும் வேறு மாதிரி பேசினால், எங்கிருந்தோ கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தவள் என்று பார்ப்பவர்களே முடிவுகட்டிக்கொள்வார்கள். மகனும் அவளும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாததற்கு அதுவே பாதி விளக்கம்.

ஒரு நாடகத்தில் தன் சொந்தக் கதையையே நடித்தாராமே?

‘பிராவோ!’ என்ற நாடகம், 1948. எட்னா ஃபெர்பரும் ஜார்ஜ் காஃப்மனும் சேர்ந்து எழுதியது. நியூயார்க்கில் அகதியாக வந்து ஒட்டுக்குடித்தனம் நடத்தும் ஹங்கேரிய நாடக ஆசிரியர், அவரோடு வாழும் ஒருகாலத்து நட்சத்திர நடிகை. ஆசிரியர் பாத்திரம் மொல்னாரை வைத்து எழுதப்பட்டது என்பது ஊரறிந்த ரகசியம். நடிகை வேடத்துக்கு அழைத்தது மொல்னாரின் நிஜ மனைவியையே! மொல்னாரோ அதே ஊரில், பிளாசா ஹோட்டலில். நாடகம் இரண்டு மாதம்கூட ஓடவில்லை. நிஜம் இன்னும் சுவாரசியமாக இருந்ததோ என்னவோ.

டிவியில் பேய்ப் பாட்டியாக வருவது இவர்தானா?

இவரேதான். ‘ட்விலைட் ஸோன்’ தொடரில் ‘லாங் டிஸ்டன்ஸ் கால்’ என்ற அத்தியாயம், 1961 மார்ச் 31-ல் ஒளிபரப்பானது. பேரனின் ஐந்தாவது பிறந்தநாளுக்குப் பாட்டி ஒரு பொம்மை டெலிபோன் வாங்கித் தருகிறாள். இறந்துபோகிறாள். பையன் பொம்மை போனில் அவளோடு பேசிக்கொண்டே இருக்கிறான். அவள் அவனைத் தன்னிடம் வரச் சொல்லி அழைக்கிறாள். செலவைக் குறைக்க அந்தத் தொடரின் ஆறு அத்தியாயங்களை ஃபிலிமுக்குப் பதில் வீடியோ டேப்பில் எடுத்தார்கள். அதில் ஒன்று இது. அந்தத் தட்டையான வெளிச்சத்தில் நேரடி மேடை நாடகம் பார்ப்பது போலவே இருக்கும்.

பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பாட்டி உயிரோடு இருக்கும் சில நிமிடங்களில் தர்வஷ் பயமுறுத்தவே இல்லை. பேரன் மேல் வைத்த பாசம்தான், கொஞ்சம் அளவுக்கு மீறி. அதுதான் பிறகு வயிற்றைக் கலக்குகிறது. இது ஒளிபரப்பான நாலாம் நாள், ஏப்ரல் 4 அன்று, பிராட்வேயில் ‘எ ஃபார் கன்ட்ரி’ நாடகம் தொடங்கியது. அதில் அவர் சிக்மண்ட் ஃப்ராய்டின் அம்மா. ஒரே வாரத்தில் பேயாகிய பாட்டியும் ஃப்ராய்டைப் பெற்றவளும். மேலே ஹாலிவுட் கேள்வியில் சொன்னேனே, நடுவில் ஒன்றுமில்லை என்று, அதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

சரி, ‘செரெலெம்’ கதை என்ன? தலைப்புக்கு என்ன அர்த்தம்?

1971-ல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். இயக்கம் காரோய் மக், மூலக்கதை திபோர் தேரி. காலம் 1953, ஸ்டாலின் காலத்து ஹங்கேரி. படுத்த படுக்கையாக ஒரு கிழவி. மகன் யானோஷ் அரசியல் கைதியாகச் சிறையில். அது கிழவிக்குத் தெரியக்கூடாது என்று மருமகள் லூட்ஸா, மகன் அமெரிக்காவில் பெரிய படம் எடுத்துக்கொண்டிருப்பதாகத் தானே பொய்க் கடிதங்கள் எழுதிக் கொண்டுவந்து தருகிறாள். கடிதத்துக்குக் கடிதம் மகனின் புகழ் வானத்தைத் தொடுகிறது. இங்கே லூட்ஸாவுக்கு வேலையும் போய்விட்டது.

அமெரிக்காவில் மகன் படம் எடுக்கிறான் என்று நம்பும் தாயாக நடிக்க, நிஜமாகவே அமெரிக்காவிலிருந்து வந்தவர் தர்வஷ். மக் இதை யோசித்துத்தான் செய்தாரா என்பதைவிட, அந்த முகத்தை ஊரிலேயே இருந்த எந்த நடிகையிடமும் கண்டிருக்க முடியாது என்பது முக்கியம். பழைய முடியரசுக் காலத்து நாகரிகம், இடையிடையே வந்து விழும் ஜெர்மன், படுக்கையிலிருந்தே வீட்டை ஆளும் தோரணை: இதெல்லாம் ஒப்பனையில் வராது.

ஹங்கேரியத்தில் ‘செரெதெத்’ என்றால் அன்பு, ‘செரெலெம்’ என்றால் காதல். தாய், மகன், மருமகள் என்று மூவர் இருக்கும் கதைக்கு அவர்கள் ‘காதல்’ என்றுதான் பெயர் வைத்தார்கள். தமிழில் பெயர்க்கிற சிலர் ‘அன்பு’ என்கிறார்கள். வேண்டாம்.

மகனாக நடித்தவரும் தர்வஷ்தானே? நிஜத்தில் உறவா?

இவான் தர்வஷ். உறவு இல்லை, பெயர் ஒற்றுமை மட்டும். ஆனால் அவர் சோவியத் பிடிக்கு எதிரான 1956 எழுச்சிக்குப் பின் நிஜமாகவே சிறையில் இருந்தவர். மூலக்கதை எழுதிய தேரியும் அப்படியே. சிறைக்காட்சிகள் ஏன் அலங்காரமே இல்லாமல் இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

கம்யூனிஸ்ட் அரசு இப்படி ஒரு படத்தை எப்படி விட்டது? அதுவும் அமெரிக்காவிலிருந்து ஆளைக் கூப்பிட்டு!

லேசில் விடவில்லை. திட்டம் சில ஆண்டுகள் அனுமதிக்காகக் காத்துக்கிடந்தது. அறுபதுகளின் முடிவில் கம்யூனிஸ்ட் தலைவர் காதாரின் ஆட்சி பிடியைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தது. ஸ்டாலின் காலக் கொடுமைகளைப் பேசலாம், 1956-ஐத் தொடக்கூடாது என்பது எழுதப்படாத விதி. படம் 1953-ல் நடப்பதாக வைத்திருப்பதை அந்த விதியோடு சேர்த்துப் படியுங்கள். பார்த்த ஹங்கேரியர்களுக்கு எந்தச் சிறை ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பரிசு ஏதாவது கிடைத்ததா, இல்லை காலம் போன பிறகு பாராட்டினார்களா?

1971 கான் விழாவில் படத்துக்கு நடுவர் குழுப் பரிசு. தர்வஷுக்கும், லூட்ஸாவாக நடித்த மரி தொரொச்சிக்குக்கும் சேர்த்துத் தனிப் பாராட்டு. அதே ஆண்டுதான் அமெரிக்காவிலும் நாடகத்துக்கான டோனி விருதுக்குப் பரிந்துரையானார். அது லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘லே பிளான்’ நாடகத்துக்காக. ஆப்பிரிக்காவில் வாழ்நாளைக் கழித்த மிஷனரியின் வயதான மனைவி வேடம். ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் நடித்தும் நாடகம் ஐந்து வாரம்தான் ஓடியது. டோனி வேறொருவருக்குப் போயிற்று. எழுபதை நெருங்கும் வயதில், ஒரே ஆண்டில், இரண்டு மொழியில், இரண்டு கண்டத்தில்.

அப்போ அமெரிக்கா அவரை வீணடித்துவிட்டது, அப்படித்தானே?

பாதி ஒப்புக்கொள்கிறேன். முப்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் அம்மாவாகவும் பாட்டியாகவுமே பார்த்ததை வேறு எப்படிச் சொல்வது? ஆனால் மறுபாதியையும் வையுங்கள். அவர் புடாபெஸ்டிலேயே இருந்திருந்தால் 1944-ல் என்ன ஆகியிருக்கும்? அந்த ஆண்டு ஹங்கேரியிலிருந்து நாலு லட்சத்துக்கும் அதிகமான யூதர்களைச் சில வாரங்களில் ரயிலேற்றினார்கள். அதே ஆண்டு தர்வஷ் பிராட்வேயில் ‘சோல்ஜர்ஸ் வைஃப்’ என்ற நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒன்று. படத்தில் அந்த அம்மாவுக்கு உண்மை தெரியுமா, தெரியாதா?

படம் பார்க்காதவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்.

பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது ‘தெரியாது’ என்று அடித்துச் சொன்னவன் நான். அப்புறம் சந்தேகம் வந்தது. மகன் கடிதங்களை அவர் எவ்வளவு சந்தோஷமாகக் கேட்கிறார் என்பதை விட்டுவிட்டு, எதைக் கேட்காமல் விடுகிறார் என்று பாருங்கள். அவ்வளவு கூர்மையான கிழவி, ஜெர்மனில் தப்பு வந்தால் விடாத கிழவி, கடிதத்தில் மலை மலையாக இருக்கும் ஓட்டைகளை மட்டும் தொடுவதே இல்லை. மருமகள் பொய் சொல்லிக் காப்பாற்றுகிறாள் என்றால், மாமியார் நம்பிக் காப்பாற்றுகிறாரோ?

தர்வஷ் எந்தப் பக்கமும் சாயவில்லை. கண்ணை மட்டும் பாருங்கள். அடுத்த தடவை ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.